மேடை பாடுகிறது, சபை பார்க்கிறது

வாசகியின் கேள்வி:

கோலாலம்பூர், செந்தூல் வட்டாரத்துத் தமிழ்ச் சபை ஒன்றில் 11 ஆண்டுகளாகப் பாடகர் குழுவைப் பொறுப்பேற்று நடத்திவருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வாலிபர்கள் கீபோர்டு, டிரம்ஸ், பேஸ் கிட்டார் ஆகியவற்றோடு வந்து சேர்ந்தார்கள். இசை நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டுகிறார்கள். ஆனால் சபையார் முன்புபோல் பாடுவதில்லை. எங்களுக்குத் தபேலா வாசிக்கும் சகோதரர் ரவாங்கிலிருந்து வருகிறார். மாதந்தோறும் ஒரு தொகை கேட்கிறார். மூப்பர்கள் "ஊழியத்துக்குக் கூலியா?" என்கிறார்கள். போதகரோ, பாட்டு என்பது பிரசங்கத்துக்கு முன்னால் சனங்களை வந்து உட்காரவைப்பதற்குத்தான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. குழுவின் மூத்தவரான 73 வயது அம்மாவுக்குச் சுருதி இறங்குகிறது. அவருடைய மைக்கை எடுத்துவிடும்படி வாலிபர்கள் கேட்கிறார்கள். நாங்கள் செய்வது ஊழியம்தானா, ஊழியமென்றால் அதில் எங்கள் இடம் எது என்று விளக்க வேண்டுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் தபேலாக்காரரின் பணத்துக்கும் போதகரின் கேலிக்கும் அம்மாவின் மைக்குக்கும் கிடைத்திருக்கும் இடம், "சபையார் முன்புபோல் பாடுவதில்லை" என்ற செய்திக்குக் கிடைக்கவில்லை. அதை ஓர் அரை வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் அந்த அரை வரியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். பாடகர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தே பிழைப்பு நடத்தும் ஒருவன் என்ற முறையில், ஒரு சபையின் இசையைப் பற்றி என்னிடம் யார் வந்து பேசினாலும் நான் முதலில் கேட்பது, கடைசி வரிசையில் இருப்பவர்கள் பாடுகிறார்களா என்பதைத்தான்.

ஊழியம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ஏற்பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் பதில் எளிது. தாவீது ராஜா, ஆலய வேலைக்கென்றே ஒதுக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியரை எண்ணி வேலை பிரித்தபோது, இசைக் கருவிகளோடு துதிப்பதற்கென்றே 4,000 பேர் ஒதுக்கப்பட்டார்கள் என்று 1 நாளாகமம் 23 சொல்கிறது. இரண்டு அதிகாரம் தள்ளி, 25-ஆம் அதிகாரத்தில், ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் குடும்பத்தாருள் பாட்டில் தேர்ச்சி பெற்ற 288 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 முறைகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். அந்த முறைகளுக்குச் சீட்டுப் போட்டபோது பெரியவன் சிறியவன் என்றோ, ஆசான் மாணாக்கன் என்றோ வேறுபாடு பார்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆகவே முறைவைத்து, கற்பித்து, தேர்ச்சி பார்த்துச் செய்யப்பட்ட வேலை அது; யாருக்கு அன்றைக்கு மனம் வருகிறதோ அவர் வந்து பாடிய பாட்டல்ல.

ஆனால் இன்று மேடையில் நிற்கும் நம் பிள்ளைகள் "நாங்கள்தான் இக்காலத்து லேவியர்" என்று சொல்லிக்கொள்ளும்போது எனக்குச் சற்றுச் சங்கடமாக இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் வரங்களையும் பொறுப்புகளையும் வரிசைப்படுத்தும் ரோமர் 12, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4 ஆகிய மூன்று இடங்களிலும் பாடகன் என்றோ இசைக்கருவி வாசிப்பவன் என்றோ ஒரு பதவி கிடையாது. பாட்டு அங்கே இல்லாமல் போய்விட்டதா என்றால் அதுவுமில்லை. கொலோசெயர் 3:16-இல் அது இருக்கிறது; சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லும்படி முழுச் சபைக்கும் கட்டளை கொடுக்கப்படுகிறது. பாடும் வேலை சபையுடையது. குழுவின் வேலை, அந்தச் சபையைப் பாடவைப்பது. தாவீதின் காலத்தில் கெனானியா என்ற லேவியன் சங்கீதத்துக்குத் தலைவனாக இருந்து மற்றவர்களுக்குக் கற்பித்தான், அவன் அதில் நிபுணன் என்று 1 நாளாகமம் 15 குறிப்பிடுகிறது. உங்கள் பதவிக்கு வேதத்தில் ஒரு முன்மாதிரி தேவையென்றால் அவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியையின் இடம் உங்களுடையது.

சபை பாடவேண்டுமா, தேர்ந்தவர்கள் மட்டும் பாடினால் போதுமா என்ற வழக்கு உங்கள் செந்தூல் சபையில் தொடங்கியதன்று. நான்காம் நூற்றாண்டிலேயே, சின்ன ஆசியாவின் லவோதிக்கேயாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர வேறு எவரும் ஆலயத்தில் பாடலாகாது என்று விதி செய்தது. ஒழுங்குக்காகத்தான் செய்தார்கள் என்று நினைக்கிறேன். ஆயினும் பின்வந்த நூற்றாண்டுகளில் பாட்டு மெல்ல மெல்லக் குருக்களின் கையிலும் தேர்ந்த பாடகர் குழுக்களின் கையிலும் சேர்ந்தது. 1524-இல் லூத்தரின் பாடல்கள் ஜெர்மன் மொழியில் அச்சேறியபோது சாதாரண மக்களின் வாய்க்கு அது திரும்பக் கிடைத்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் 1963-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏட்டில், பாடகர் குழுக்களை வளர்க்கச் சொன்ன அதே இடத்தில், மக்கள் தங்களுக்குரிய பங்கைப் பாடும்படி பார்த்துக்கொள்வதையும் கடமையாக்கியது. நீங்கள் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவரானால் ஜான் வெஸ்லி 1761-இல் எழுதிவைத்த பாடும் விதிகளை உங்கள் வாலிபர்களுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். எல்லாரும் பாடவேண்டும், அரைத் தூக்கத்தில் முனகுவதுபோல் பாடக்கூடாது என்று சொல்லும் அதே மனிதர், சபையின் குரலுக்கு மேலே தன் குரல் தனியாகக் கேட்கும்படி கத்தாதே என்றும் சொல்கிறார்.

இனி, உங்கள் சபையார் ஏன் வாயை மூடிக்கொண்டார்கள் என்பதைப் பார்ப்போம். அவர்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பிவிடாதீர்கள். நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் மிகச் சாதாரணமானது: சுருதி அதிகம், மூச்சுக்கு இடமில்லை, சத்தம் அதிகம், எழுத்துப் புரியவில்லை.

சுருதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பயிற்சியில்லாத பெண் குரல் வருத்தமில்லாமல் போய்வரக்கூடிய எல்லை, கீபோர்டின் நடுவிலுள்ள ஸிக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஏ-யிலிருந்து மேல் ஸ்தாயியின் டி வரை. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். சுருதியின் உயரத்தைச் சொல்லும் கட்டைக் கணக்கில் ஸி என்பது 1 கட்டை, டி 2 கட்டை, எஃப் 4 கட்டை. கீழ்ப் பஞ்சமத்தில் (கீழ் ப) தொடங்கி மேல் ஸட்ஜத்தை (மேல் ஸ) எட்டும் ஒரு பாட்டை 2 கட்டையில் பாடினால் அது இந்த எல்லைக்குள் சரியாக அமைந்துவிடும். அதே பாட்டை, யூடியூபில் கேட்ட பாடகர் 4 கட்டையில் பாடியிருக்கிறார் என்பதற்காக நீங்களும் 4 கட்டையில் எடுத்தால், சரணத்தில் உச்சி எஃப் வரை போய்விடும். அவர் தொண்டையையே தொழிலாகக் கொண்டவர். அவருக்கு அது எட்டும். ஞாயிறு காலை 8 மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டிக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த தாய்க்கு எட்டாது. அவர் ஒரு முறை முயல்வார், குரல் உடையும், பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்; அடுத்த வாரம் உதட்டை மட்டும் அசைப்பார். உங்கள் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கும். அதைக் கீழே இறக்குவதற்கு ஒரு விநாடி போதும். இறக்கினால் பாட்டின் எடுப்பு போய்விடுகிறது என்று வாலிபர்கள் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். போகட்டும் என்று விட்டுவிடுங்கள். எல்லை மிக அகலமான பாட்டாக இருந்தால் சரணத்தைக் குழுவும் பல்லவியைச் சபையுமாகப் பிரித்துக்கொள்ளலாம். நம் கீர்த்தனை வடிவத்தில் அதற்கு இயல்பாகவே இடமிருக்கிறது.

மூச்சைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர் ஒரு மூதாட்டி. 1980களின் முடிவில் பினாங்கில், ஜார்ஜ்டவுனிலிருந்த ஒரு சபையில், ஆர்மோனியத்தை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுப் புதிய கீபோர்டு ஒன்றை வாங்கியிருந்தார்கள், வாசித்தவன் நான். அதில் தாளத்தைத் தானே அடிக்கும் வசதி இருந்தது. அதைப் போட்டுவிட்டு, இரண்டு வரிகளுக்கிடையே ஒரு நூலிழை இடைவெளியும் விழாமல் வாசித்துக்கொண்டு போனேன். ஆராதனை முடிந்ததும் முன்வரிசையிலிருந்து அவர் எழுந்து வந்து, சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, உங்க பொட்டி மூச்சே விடாதா? நாங்க விடணுமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்றும் உறைக்கிறது. ஆர்மோனியத்துக்குத் துருத்தி உண்டு, வாசிப்பவனும் கூடவே மூச்சு வாங்குவான். கீபோர்டுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. அன்றிலிருந்து, வாசிக்கும்போது நானும் முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வாசிக்கிறேன். எனக்கு எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே சபைக்கும் வாங்கும். உங்கள் கீபோர்டு வாசிப்பவரிடம் ஒரே ஒரு மாதம் இதைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

சத்தம் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. மனிதன் கூட்டத்தில் பாடுவதற்குத் தன் குரலும் பக்கத்தில் இருப்பவரின் குரலும் காதில் விழவேண்டும். இரண்டும் விழாதபோது, நாம் பாடினாலும் பாடாவிட்டாலும் ஒன்றுதான் என்று உடம்பே முடிவுசெய்துவிடுகிறது. நம் சபைகள் பல கடைவீட்டின் மேல்மாடியிலோ, சிமெண்டுச் சுவரும் பளபளக்கும் தரையும் கொண்ட கூடத்திலோதான் கூடுகின்றன. அத்தகைய இடத்தில், டிரம்ஸுக்கு மைக்கே வைக்காவிட்டாலும் 100 டெசிபலைத் தொடுவது அரிதன்று. செவிப் பாதுகாப்புக்குப் பரவலாகக் கையாளப்படும் கணக்கின்படி 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம். அதற்குமேல் 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது 15 நிமிடம். முன்வரிசையில் குழந்தைகளை உட்காரவைக்கிறீர்களா என்று ஒரு முறை பாருங்கள். கைப்பேசியில் ஒலியை அளக்கும் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. ஆய்வுக்கூடக் கருவி அளவுக்குத் துல்லியமாக இராது என்றாலும் உண்மை விளங்கும். டிரம்ஸுக்குக் கனத்த குச்சிக்குப் பதிலாக மெல்லிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டோ பிரஷோ கொடுப்பது, ஸ்பீக்கரைச் சுவரைப் பார்க்காமல் சனங்களைப் பார்க்கும்படி திருப்புவது போன்றவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

எழுத்து விஷயம் நம் நாட்டுக்கே உரியது. வெளியூரிலிருந்து வரும் இசைப் பயிற்சியாளர்களுக்கு இது தெரிவதில்லை. தேசியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்கமாட்டார்கள். அவர்களுக்காகத் திரையில் பாட்டை ஆங்கில எழுத்தில் போடுகிறோம். போடத்தான் வேண்டும், போடாவிட்டால் அவர்கள் முற்றிலும் ஊமையாவார்கள். ஆனால் யார் தட்டச்சுச் செய்கிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ழகரத்துக்கும் லகரத்துக்கும் ளகரத்துக்கும் ஒரே எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். விளைவாக "நீரே என் வழி" என்று பாடவேண்டிய பிள்ளை, கைகளை உயர்த்தி, கண்களை மூடி, "நீரே என் வலி" என்று பாடுகிறது. சிரிப்பு வருகிறது, பிறகு வருத்தமாக இருக்கிறது. கருத்தோடும் பாடுவேன் என்று பவுல் 1 கொரிந்தியர் 14-இல் எழுதுவது இங்கேதான் வந்து நிற்கிறது. திரையில் மேலே தமிழ் எழுத்து, கீழே ஆங்கில எழுத்து என்று இரண்டையும் போடுங்கள். ஒத்திகையில் பாட்டை எடுப்பதற்கு முன்பு, இசையில்லாமல் ஒரு தடவை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். "பாதாரவிந்தம்" என்றால் என்ன என்று உங்கள் கிட்டார் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். மலர்ப் பாதம் என்று விளங்கிய பிறகு அவன் அந்தச் சொல்லுக்கு வாசிக்கும் விதமே மாறிவிடும்.

புதிய பாட்டு, பழைய பாட்டு என்ற சண்டைக்குள் நான் இறங்குவதில்லை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனெரிகள் ஜெர்மன் மெட்டுகளிலேயே தமிழ் ஞானப்பாட்டுகளைப் பாடவைத்தார்கள். மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் போன்றவர்கள் இராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனை பாடியது அதற்குப் பின்புதான். இன்று நம் மூப்பர்கள் பாரம்பரியம் என்று மார்போடு அணைத்துக்கொள்ளும் கீர்த்தனையும் ஒரு காலத்தில் சபைக்குப் புதிதாகத்தான் வந்தது. வாரத்துக்கு ஒரு புதிய பாட்டு என்று போகாமல் மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, அதையே மூன்று ஞாயிறுகள் தொடர்ந்து பாடினால் சபைக்கு அது மனப்பாடமாகிவிடும்; எந்தக் காலத்துப் பாட்டு என்பது அதன் பிறகு ஒரு பொருட்டாக இராது.

போதகரின் பேச்சு உங்களைப் புண்படுத்தியிருப்பது தெரிகிறது. அவர் சொன்னது தவறு. போதிப்பதும் புத்திசொல்லுவதும் பாட்டின் வழியாகவும் நடப்பவை என்று நான் மேலே காட்டிய வசனமே சொல்லும்போது, பாட்டைப் பிரசங்கத்துக்கு முந்திய மணியோசையாக வைப்பது பொருந்தாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், வருந்தாதீர்கள்: பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியதும் உங்கள் குழுவினர் எங்கே இருக்கிறார்கள்? நான் போய்வந்த சபைகள் பலவற்றில், வாத்தியம் வாசிப்பவர்கள் பக்கத்துக் கதவு வழியாக இறங்கி, எதிர்ச்சாரியிலுள்ள மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு, காணிக்கைப் பாட்டுக்குச் சரியாகத் திரும்பிவருவதைப் பார்த்திருக்கிறேன். மேடையிலிருந்து பார்க்கும் போதகருக்கு அது நன்றாகவே தெரியும். பிரசங்கத்தை இடைவேளையாக எடுத்துக்கொள்பவர்களின் பாட்டை அவர் முன்னுரையாக எடுத்துக்கொள்வதில் எனக்கு அவ்வளவு ஆச்சரியம் இல்லை. பழைய திருச்சபையின் பேராசானான அகஸ்தீன், பாட்டின் பொருளைவிடப் பாடும் குரலே தன்னை அதிகம் அசைத்த வேளைகளைப் பாவமென்று கருதி அறிக்கையிட்டவர்; பாடுகிற நாமும் நம் குரலில் மயங்கிப் பொருளை மறந்துபோகிறோமா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் குழு பிரசங்கம் முழுவதும் உள்ளே உட்காரட்டும். அதற்குப் பிறகு நீங்கள் போதகரிடம் போய், வரும் ஞாயிறின் வேதபகுதியைச் செவ்வாய்க்கிழமைக்குள் கொடுத்தால் அதற்கேற்ற பாட்டுகளைத் தேர்ந்துவைப்போம் என்று கேளுங்கள். கேட்டு மறுத்த போதகரை நான் இதுவரை பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை மறந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குத் திங்கட்கிழமை ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்.

தபேலா சகோதரர் விஷயத்தில் நான் உங்கள் மூப்பர்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன். நெகேமியா 13-ஆம் அதிகாரத்தை எடுத்து அவர்கள் முன் வையுங்கள். லேவியருக்கும் பாடகர்களுக்கும் உரிய பங்கைக் கொடுக்காமல் விட்டதால் அவர்கள் ஆலய வேலையை விட்டுத் தங்கள் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். எருசலேமின் அதிபதியான நெகேமியா ஊருக்குத் திரும்பி வந்தபோது, ஓடியவர்களைத் திட்டாமல், தேவாலயம் ஏன் கைவிடப்பட்டது என்று தலைவர்களைத்தான் கடிந்துகொண்டான். ரவாங்கிலிருந்து செந்தூலுக்கு ஞாயிறு ஒரு நாளும் ஒத்திகைக்கு ஒரு நாளும் வந்துபோகும் மனிதருக்குப் பெட்ரோல், டோல், நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் சொந்தப் பையிலிருந்துதான் போகின்றன. சனிக்கிழமை மாலை ஒரு கல்யாணக் கச்சேரிக்குக் கிடைக்கும் பணத்தை ஒத்திகைக்காக அவர் விட்டுவிட்டு வருகிறார் என்றால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. போதகருக்குச் சம்பளம் கொடுக்கும் சபை, அதைக் கூலி என்று சொல்வதில்லையே.

ஆனால் கொடுக்கும் முறை சரியாக இருக்கவேண்டும். உங்கள் கைப்பணத்திலிருந்து உறையில் வைத்து இரகசியமாகக் கொடுக்காதீர்கள். இரண்டு மாதத்தில் எல்லாருக்கும் தெரியும், மூன்றாம் மாதத்தில் கீபோர்டு வாசிப்பவர் மனக்கசப்போடு வருவார். சபையின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் இசைக்கென்று ஒரு தலைப்பைச் சேர்க்கச் சொல்லி, தூரத்திலிருந்து வரும் எவருக்கும் போக்குவரத்துச் செலவு, தபேலா சகோதரருக்கு ஒரு மதிப்பூதியம், வாலிபர்கள் வெளியே போய் முறையாகக் கற்றுக்கொள்வதற்குப் பயிற்சிக் கட்டணம் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். இந்த மூன்றாவதை மூப்பர்கள் வெட்டப் பார்ப்பார்கள். அதைத்தான் நீங்கள் விடாமல் பிடித்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் சபைக்குள்ளேயே ஒரு தபேலாக்காரர் உருவாகும் வழி அது. ஒருவரை மாதச் சம்பளத்துக்கு முறையான வேலையாளாகவே அமர்த்துவதென்றால், ஊழியர் சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா போன்று ஒரு முதலாளிக்குரிய பொறுப்புகள் சபைக்கும் வந்துவிடும். அந்த முடிவைப் பொருளாளரைக் கூட வைத்துக்கொண்டு எடுங்கள். பணம் வாங்குபவர் ஒத்திகைக்கு வரத் தவறினால் என்ன செய்வது என்பதையும் கொடுக்கத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள், பிறகு பேசுவது கடினம்.

கடைசியாக அந்த அம்மா. அவருக்குச் சுருதி இறங்கத் தொடங்கியது எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. டிரம்ஸ் வந்த பிறகுதான் என்றால், குறை அவருடைய தொண்டையில் மட்டும் இல்லை. வயது ஏறும்போது குரல்நாண்களின் இழுவிசை குறையும், மூச்சின் பலம் குறையும், வாக்கியத்தின் கடைசியில் சுரம் தொய்யும், பெண்களுக்குக் குரலே சற்றுத் தடித்துக் கீழே இறங்கும். இவற்றோடு காதும் மந்தமாகும்போது, பின்னாலிருந்து டிரம்ஸ் முழங்கினால் தான் பாடுவது என்ன சுரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் நிற்கும் இடத்தை டிரம்ஸிலிருந்து விலக்கி, கீபோர்டுக்குப் பக்கத்தில் மாற்றி, சிறிய மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றை அவர் காது உயரத்துக்குத் திருப்பி வைத்து, பாட்டுகளை ஒரு கட்டை இறக்கி ஒரு மாதம் பாடிப் பாருங்கள். பாதிக் குறை இதிலேயே சரியாகிவிடலாம்.

சரியாகாவிட்டால் தனி மைக் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்; சபையை வழிநடத்தும் குரல் சுருதியில் நிற்கவேண்டும், அன்புக்காக அதை விட்டுக்கொடுத்தால் சபைதான் தடுமாறும். ஆனால் மைக்கை எடுப்பதும் ஆளை எடுப்பதும் ஒன்றன்று. எண்ணாகமம் 8-இல் லேவியர் 50 வயதானதும் பாரமான வேலையிலிருந்து விலகவேண்டும் என்று சொல்லும் அதே வசனப் பகுதி, அவர்கள் தங்கள் சகோதரரோடேகூட இருந்து காவல் காக்கலாம் என்றும் சொல்கிறது. அந்த அம்மாவுக்குக் காவல் காக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நம் கீர்த்தனைப் புத்தகங்களில் பெரும்பாலும் சாகித்தியமும் தலைப்பில் இராக தாளப் பெயர்களுமே அச்சாகியிருக்கின்றன, சுரக்குறிப்பு இல்லை. பாட்டின் மெட்டு பாடுகிறவர்களின் நினைவில்தான் இருக்கிறது. தோட்டப்புறச் சபைகளில் வளர்ந்த அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த மெட்டுகளுள் சில, யூடியூபில் தேடினாலும் கிடைக்கமாட்டா.

இதை அவரிடம் நீங்களே வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். ஒத்திகையில், வாலிபர்களுக்கு முன்னால், ஒருபோதும் வேண்டாம். மைக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு கற்றுத்தரும்படி கேளுங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறுகள், ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு, அரை மணி நேரம் அவர் உட்கார்ந்து ஒரு கீர்த்தனையைச் சொல்லிக்கொடுக்கட்டும். மைக்கை எடுக்கச் சொன்ன வாலிபர்களில் ஒருவரையே அழைத்து, கைப்பேசியில் பதிவுசெய்யும் பொறுப்பைக் கொடுங்கள். பதிவு செய்யும்போது கூடத்து மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள், பல்லவியோடு நின்றுவிடாமல் எல்லாச் சரணங்களையும் பாடச் சொல்லுங்கள். அவர் எந்தச் சுருதியில் எடுக்கிறாரோ அதிலேயே எடுக்கட்டும், கீபோர்டு அவருக்குப் பின்னால் வரட்டும்.